பைத்தான் ப்ராம்ப்ட்டில் சில நேரம் தமிழ் வருகிறது, சில நேரம் எரர் வருகிறது

பத்தமடைப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். காலையிலிருந்து கரண்ட் இல்லை, போனில்தான் எழுதுகிறேன். கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்க முடியாததால் கோடில் வரும் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே அடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பாவுக்குப் பாய்க் கடை. கோரைப் பாய், பட்டுப் பாய், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பெயர் போட்டு நெய்கிற பாய் எல்லாம் உண்டு. அவருக்காக பைத்தானில் ஒரு பில் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோடுக்குள் வார்த்தைகள் இங்கிலீஷில் இருக்கும், கெட்டெக்ஸ்ட் என்கிற பைத்தானின் மொழிபெயர்ப்பு மாட்யூல் வழியாகத் தமிழ் வரும். பிஓ கோப்பில் (வார்த்தையும் அதன் மொழிபெயர்ப்பும் இருக்கும் பட்டியல்) தமிழ் எழுதி, அதை ப்ரோகிராம் படிக்கும் எம்ஓ கோப்பாக்கி, லொக்கேல் போல்டருக்குள் டிஏ (தமிழுக்கான மொழிக் குறியீடு), அதற்குள் எல்சி_மெசேஜஸ் என்று வைக்கவேண்டிய இடத்தில்தான் வைத்திருக்கிறேன். ப்ரோகிராம் தொடங்கும்போது டிரான்ஸ்லேஷனை டிஏ மொழிக்கு எடுத்து இன்ஸ்டால் செய்துவிடுகிறேன், அப்புறம் எல்லா ஃபைலிலும் _("டோட்டல்") மாதிரி எழுதினால் போதும்.

ப்ரோகிராமாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை, பில் முழுக்கத் தமிழ். ஆனால் ஒவ்வொரு வரியாக அடித்து உடனே விடை பார்க்கும் பைத்தான் ப்ராம்ப்ட்டைத் திறந்து, என் பில் மாட்யூலை இம்போர்ட் செய்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்க்க உட்கார்ந்தால் சில நேரம் தமிழ் வருகிறது, சில நேரம் டைப்எரர். பைத்தானை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், 3.11-லிருந்து 3.13-க்கு மாறினேன், நண்பன் லேப்டாப்பிலும் பார்த்தேன், எல்லா இடத்திலும் இதே கதைதான். மூணு ராத்திரி போய்விட்டது. யாருக்காவது இது வந்திருக்கிறதா?

ஜங்ஷன்காரன்

விண்டோஸா? கன்சோல் ஃபான்ட்டில் தமிழ் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள்.

கல்லிடை அப்பளம்

ஃபான்ட் இல்லை என்றால் கட்டம் வரும், டைப்எரர் வராது. தம்பி, "சில நேரம்" என்று சொன்னால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. ப்ராம்ப்ட்டில் நீங்கள் அடித்த வரிகளையும் அது சொன்ன பதிலையும் வரிசை மாறாமல் அப்படியே போடுங்கள். எரரில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் வேண்டும்.

பத்தமடைப் பையன்

சரி அக்கா. இப்போதுதான் கரண்ட் வந்தது, அடித்துப் பார்த்தேன். அடைப்புக்குள் இருக்கும் டோட்டலும் பேலன்ஸும் நிஜத்தில் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கின்றன.

>>> _("டோட்டல்")
'மொத்தம்'
>>> _("பேலன்ஸ்")
டைப்எரர்: 'எஸ்டிஆர்' ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்

திரும்ப இன்ஸ்டால் செய்தால் அடுத்த ஒரு தடவை சரியாக வருகிறது, அதற்கடுத்து பழையபடி எரர். இன்னொரு வேடிக்கை, பிரிண்டுக்குள் போட்டு அடித்தால் பத்து தடவை அடித்தாலும் எரரே வருவதில்லை. ஒருமை பன்மை பார்த்து மொழிபெயர்க்கும் என்கெட்டெக்ஸ்ட்டையும் கூடவே இன்ஸ்டால் செய்திருக்கிறேன், பாய் எண்ணிக்கைக்காக. அதுவும் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்த ஒற்றை அடிக்கோடு மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது.

கல்லிடை அப்பளம்

நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள், கடைசி வரியைத் திரும்ப ஒருதரம் படியுங்கள்.

பைத்தான் ப்ராம்ப்ட்டில் அடிக்கோட்டுக்கு வேறொரு வேலை இருக்கிறது. கடைசியாக வந்த விடையை அதில்தான் போட்டு வைக்கும். 12 * 350 என்று அடித்து 4200 வந்தபிறகு _ + 50 என்று அடித்தால் 4250 வரும், கால்குலேட்டர் மாதிரி. கெட்டெக்ஸ்ட்டும் அதே அடிக்கோட்டைத்தான் மொழிபெயர்க்கும் ஃபங்ஷனுக்குப் பெயராக வைக்கிறது. இன்ஸ்டால் செய்யும்போது அந்த ஃபங்ஷன் பில்டின்ஸ் என்கிற மாட்யூலுக்குள் போய் உட்காருகிறது, பிரிண்ட், லென் எல்லாம் குடியிருக்கும் இடம் அதுதான். ப்ராம்ப்ட்டும் கடைசி விடையை வைப்பது சரியாக அதே பில்டின்ஸுக்குள், அதே பெயரில். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர் சாவி வைத்திருக்கிற மாதிரி, கடைசியாக நுழைந்தவர் சாமான்தான் உள்ளே இருக்கும்.

முதல் தடவை அடித்தபோது அடிக்கோடு ஃபங்ஷனாக இருந்தது, 'மொத்தம்' என்று விடை சொன்னது. சொன்ன கையோடு ப்ராம்ப்ட் அந்த 'மொத்தம்' என்கிற எழுத்துச் சரத்தை அடிக்கோட்டில் போட்டுவிட்டது. ரெண்டாவது தடவை நீங்கள் கூப்பிட்டது ஃபங்ஷனை இல்லை, 'மொத்தம்' என்கிற வார்த்தையை. வார்த்தையை எப்படிக் கூப்பிடுவது? அதைத்தான் எரர் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் எரர் வந்தவுடன் வெறும் அடிக்கோட்டை மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள், 'மொத்தம்' என்று திருட்டு முழி முழிக்கும்.

பிரிண்ட் ஏன் தப்பித்தது என்றால், பிரிண்ட் திருப்பித் தருவது நன், அதாவது ஒன்றுமில்லை என்கிற மதிப்பு. விடை நன்னாக இருந்தால் ப்ராம்ப்ட் எதையும் காட்டாது, அடிக்கோட்டையும் தொடாது. என்கெட்டெக்ஸ்ட்டின் பெயர் வேறு, அதனால் அதற்கு ஆபத்தே இல்லை. ப்ரோகிராமாக ஓட்டும்போது ப்ராம்ப்ட்டே கிடையாது, விடையை எடுத்து வைக்க ஆள் இல்லை, அதனால் அங்கேயும் பிரச்சினை இல்லை.

ஜங்ஷன்காரன்

அட, இவ்வளவுதானா. அப்படியென்றால் ப்ராம்ப்ட்டில் அடிக்கோடு = கெட்டெக்ஸ்ட் ஃபங்ஷன் என்று நாமே ஒரு வரி அடித்துவிட்டால் முடிந்ததே? நம்முடைய சொந்தப் பெயரை முதலில் பார்த்துவிட்டுத்தான் பைத்தான் பில்டின்ஸுக்குப் போகும்.

பத்தமடைப் பையன்

அண்ணன் சொன்னபடி செய்தேன். ப்ராம்ப்ட்டில் நேரடியாக அடிக்கும் வரிகள் சரியாகிவிட்டன, எத்தனை தடவை அடித்தாலும் தமிழ்தான். சந்தோஷமாக என் பில் மாட்யூலில் இருக்கும் தலைப்பு ஃபங்ஷனைக் கூப்பிட்டேன், முதல் தடவையே பழையபடி டைப்எரர். நடுவில் 2 + 3 போட்டுப் பார்த்தால் 'இன்ட்' ஆப்ஜெக்ட்டைக் கூப்பிட முடியாது என்கிறது. என் மாட்யூலுக்கும் நான் ப்ராம்ப்ட்டில் போட்ட 2 + 3-க்கும் என்ன சம்பந்தம்?

கல்லிடை அப்பளம்

சம்பந்தம் பில்டின்ஸ்தான். ஜங்ஷன்காரர் சொன்னது ப்ராம்ப்ட்டுக்கு மட்டும் பொருந்தும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனிப் பெயர்ப்பட்டியல் உண்டு. நீங்கள் ப்ராம்ப்ட்டில் வைத்த அடிக்கோடு மெயின் என்கிற பட்டியலில் இருக்கிறது, உங்கள் பில் மாட்யூல் அங்கே எட்டிப் பார்க்காது. அது தன் பட்டியலில் தேடும், இல்லையென்றால் நேரே பில்டின்ஸுக்குப் போகும். அங்கே ப்ராம்ப்ட் இன்னமும் தன் விடைகளைக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் வழிதான் நல்லது. இன்ஸ்டாலையே விட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பை ஏற்றுவதற்கென்று ஒரு சின்ன மாட்யூல் வைத்துக்கொண்டு, அதில் டிரான்ஸ்லேஷன் தரும் பொருளின் கெட்டெக்ஸ்ட்டை அடிக்கோடு என்று பெயர் வைத்து, மற்ற ஃபைல் ஒவ்வொன்றின் தலையிலும் அதை இம்போர்ட் செய்யுங்கள். ஃபைலுக்கு ஒரு வரி கூடும், ஆனால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் சொந்த அடிக்கோடு இருக்கும், ப்ராம்ப்ட் பில்டின்ஸுக்குள் என்ன கூத்தடித்தாலும் உங்களைத் தொடாது. ஜேங்கோ என்கிற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கின் ஆவணத்திலும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் வெளிப்படையாக இம்போர்ட் செய்யச் சொல்கிறார்கள்.

நூறு ஃபைல் இருக்கிறது, இப்போது கை வைக்க முடியாது என்றால் ரெண்டாவது வழி. ப்ராம்ப்ட் விடையைக் காட்டும் வேலையைச் செய்வது சிஸ் மாட்யூலில் இருக்கும் டிஸ்ப்ளேஹூக் என்கிற ஃபங்ஷன். அடிக்கோட்டில் எடுத்து வைப்பதும் அதுதான். அதற்குப் பதிலாக நீங்களே நாலு வரியில் ஒன்று எழுதலாம்: விடை நன் என்றால் சும்மா திரும்பிவிடு, இல்லையென்றால் ரெப்ர் வடிவத்தை (ப்ராம்ப்ட் வழக்கமாகக் காட்டும் வடிவம்) பிரிண்ட் செய், வேறெதையும் தொடாதே. அதை சிஸ் டிஸ்ப்ளேஹூக்குக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் இன்ஸ்டால் செய்யுங்கள். கால்குலேட்டர் வசதி போய்விடும், வேண்டுமென்றால் விடையை ரெட்டை அடிக்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிகளை ஒரு ஃபைலில் எழுதி, பைத்தான்ஸ்டார்ட்டப் என்கிற சூழல் மாறிக்கு அந்த ஃபைலின் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு தடவை ப்ராம்ப்ட் திறக்கும்போதும் தானே ஓடிவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஒரு ஃபைலை ஓட்டிவிட்டு அப்படியே ப்ராம்ப்ட்டுக்கு வருகிற மாதிரி ஐ என்கிற ஆப்ஷனோடு (-i) திறந்தால் அந்த ஸ்டார்ட்டப் ஃபைலை பைத்தான் படிக்காது. அதில் ஒரு நாள் முழுக்க நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஓய்வுக்கால நிரலர், கொக்கிரகுளம்

அம்மா சொன்னது எல்லாம் சரி. இந்த அடிக்கோட்டோடு எனக்குப் பழைய பகை உண்டு, அதனால் ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன்.

வேண்டாத மதிப்புகளுக்கு அடிக்கோடு என்று பெயர் வைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் வாடிக்கையாளர் பெயரைப் பிரிக்கும்போது பெயர், _ = என்று எழுதியிருப்பார்கள், அதே ஃபங்ஷனில் ரெண்டு வரி மேலே _("கஸ்டமர்") என்று மொழிபெயர்ப்பும் இருக்கும். ஃபங்ஷனுக்குள் எங்கே ஒரு இடத்தில் மதிப்பு கொடுத்தாலும் அந்தப் பெயர் ஃபங்ஷன் முழுக்க உள்ளூர்ப் பெயராகிவிடும், அதனால் மேலே இருக்கும் வரி அன்பவுண்ட்லோக்கல் எரரில் விழும். இது ப்ராம்ப்ட்டில் மட்டுமில்லை, கடையில் பில் போடும்போதே விழும். மொழிபெயர்ப்பு இருக்கும் ப்ரோகிராமில் வேண்டாத மதிப்புக்கு "சும்மா" என்றே பெயர் வைத்துவிடலாம், பைத்தான் 3 தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும். ப்ராம்ப்ட்டிலும் ஃபார் _ இன் ரேஞ்ச் என்று ஒரு லூப் அடித்துவிட்டால் மெயினில் ஒரு அடிக்கோடு உட்கார்ந்துகொள்ளும், அதை டெல் செய்தால்தான் பழைய நிலைமை வரும்.

இன்னொன்று டாக்டெஸ்ட், கோடின் விளக்கக் குறிப்பில் எழுதிய ப்ராம்ப்ட் உதாரணங்களை ஓட்டிச் சரிபார்க்கும் பைத்தான் மாட்யூல். டிஸ்ப்ளேஹூக்கை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. டாக்டெஸ்ட் ஓடும்போது நம்முடையதைத் தள்ளி வைத்துவிட்டு பைத்தானின் அசல் டிஸ்ப்ளேஹூக்கைப் போட்டுக்கொள்ளும், முடிந்தபிறகு பில்டின்ஸின் அடிக்கோட்டில் நன்னை வைத்துவிட்டுப் போகும். அதற்கப்புறம் மொழிபெயர்ப்பைக் கூப்பிட்டால் 'நன்டைப்'பைக் கூப்பிட முடியாது என்று வரும். அம்மா சொன்ன முதல் வழியில் போனால் இந்த டாக்டெஸ்ட் தொல்லை கிடையாது.

பத்தமடைப் பையன்

அக்கா, அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. முதல் வழியிலேயே மாற்றிவிட்டேன், மொத்தம் பதினோரு ஃபைல்தான். அண்ணாச்சி சொன்ன பெயர், _ = என் கோடிலும் ஒரு இடத்தில் இருந்தது! ஜிஎஸ்டி எண் இருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் ஓடும் ஃபங்ஷனில் இருந்ததால் இதுவரை கண்ணில் படவில்லை.

ஆனால் இன்னும் ரெண்டு தொல்லை இருக்கிறது. பேலன்ஸுக்கு முதலில் "இருப்பு" என்று எழுதியிருந்தேன், சித்தப்பா பார்த்துவிட்டு "இருப்புன்னா கடையில இருக்குற சரக்குல, பாக்கின்னு போடு" என்றார். பிஓவில் பாக்கி என்று மாற்றி, எம்ஓவும் புதிதாக ஆக்கிவிட்டேன். திறந்திருக்கும் ப்ராம்ப்ட்டில் டிரான்ஸ்லேஷனை மறுபடி எடுத்தாலும் இருப்பு என்றே வருகிறது.

அடுத்தது, பம்பாயிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இங்கிலீஷ் பில் வேண்டும். சரக்குப் பட்டியல் தமிழில்தான் இருக்கிறது, அதனால் அதற்கு மட்டும் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு ஒரு தனி பிஓ வைத்தேன். "பட்டுப் பாய்" மாறுகிறது. "கோரைப் பாய்" மாறமாட்டேன் என்கிறது. ப்ராம்ப்ட்டில் நானே கோரைப் பாய் என்று அடித்தால் மாறுகிறது, பட்டியல் கோப்பிலிருந்து படித்து வருவது மட்டும் மாறாமல் தமிழிலேயே நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

கல்லிடை அப்பளம்

முதலாவது சுலபம். கெட்டெக்ஸ்ட் ஒரு எம்ஓ கோப்பை ஒரு தடவை படித்துவிட்டால் அந்த ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை நினைவில் வைத்துக்கொள்ளும், கோப்பின் பாதையை வைத்துத்தான் அடையாளம் காணும். உள்ளே இருப்பதை நீங்கள் மாற்றினாலும் பாதை அதேதான், அதனால் பழையதையே எடுத்துத் தரும். ப்ராம்ப்ட்டை மூடித் திறங்கள், பாக்கி வந்துவிடும். மூட மனசில்லை என்றால் கெட்டெக்ஸ்ட் மாட்யூலுக்குள் _டிரான்ஸ்லேஷன்ஸ் என்று ஒரு டிக்ஷனரி இருக்கிறது, அதைக் கிளியர் செய்துவிட்டு டிரான்ஸ்லேஷனை மறுபடி எடுக்கலாம், ஆனால் அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் என்றால் அது அவர்கள் வீட்டு உள்விவகாரம், ப்ரோகிராமுக்குள் எழுதி வைத்துவிடாதீர்கள். திறந்தபிறகும் வரவில்லை என்றால் பிஓவில் அந்த வரிக்கு மேலே ஃபஸ்ஸி (உறுதியாகாத மொழிபெயர்ப்பு) என்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஃபஸ்ஸி இருக்கும் வரியை பிஓவை எம்ஓவாக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி சேர்க்காமல் விட்டுவிடும்.

சித்தப்பா சொன்னதுதான் சரி, பாக்கி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, என்கெட்டெக்ஸ்ட்டில் பன்மைக்கு "பாய்கள்" என்று எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். நம்மூரில் யார் கடையில் போய் "அஞ்சு பாய்கள் குடுங்க" என்று கேட்கிறார்கள்? ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ரெண்டிலும் பாய் என்றே எழுதினால் கெட்டெக்ஸ்ட் கோபித்துக்கொள்ளாது.

கோரைப் பாய் விஷயத்துக்கு, அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். ப்ராம்ப்ட்டில் பட்டியலிலிருந்து வந்ததற்கும் நீங்கள் அடித்ததற்கும் நீளம் எண்ணும் லென் போட்டு அதையும் சொல்லுங்கள்.

பத்தமடைப் பையன்

இப்போது பாக்கி வருகிறது. "பாய்கள்" இருந்தது உண்மைதான், தூக்கிவிட்டேன்.

நான் அடித்ததற்கு 11, பட்டியலில் இருப்பதற்கு 12. பட்டியல் முன்னால் டிடிபி செய்கிற ஒருவரிடம் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியது, அதை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் 12-தான்.

ஓய்வுக்கால நிரலர், கொக்கிரகுளம்

பாமினி என்றதுமே தெரிந்துவிட்டது. ரெண்டையும் லிஸ்ட்டுக்குள் போட்டுப் பாருங்கள். நீங்கள் அடித்த 'கோ' எழுத்தில் ரெண்டு துண்டு இருக்கும்: க, அப்புறம் ஓகாரக் குறி ஒன்று. பட்டியலில் இருக்கும் 'கோ' எழுத்தில் மூணு துண்டு: க, ஏகாரத்தின் ரெட்டைக் கொம்பு, தனியாக ஒரு கால். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படிதான் அடிப்போம், முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து, அப்புறம் கால். அரைகுறை மாற்றிகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிடும், காலோடு சேர்த்து ஒரே குறியாக்காமல் விட்டுவிடும். திரையில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கெட்டெக்ஸ்ட் கண்ணால் பார்ப்பதில்லை, குறியீடு குறியீடாக ஒப்பிடுகிறது, அதனால் அதற்கு இது வேறு வார்த்தை. தேடிக் கிடைக்காவிட்டால் எரர் போடாமல் கொடுத்ததையே திருப்பித் தந்துவிடும், அதனால்தான் இப்படிச் சத்தமில்லாமல் நழுவுகிறது.

யூனிகோட் கணக்கில் ரெண்டும் சமம் என்றே வைத்திருக்கிறார்கள், அதனால் சேர்த்துவிடுவது சுலபம். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, என்எஃப்சி வடிவம் கேட்டால் கொம்பையும் காலையும் ஒன்றாக்கித் தரும். பட்டியலைப் படிக்கும் இடத்திலேயே ஒரு தடவை போட்டுவிடுங்கள். பட்டுப் பாயில் ஒகரமோ ஓகாரமோ இல்லை, அதனால்தான் அது தப்பித்தது. ஔகாரத்தை மட்டும் கையால் பாருங்கள்: நிறைய மாற்றிகள் அதன் பின்பாதிக்கு ளகரத்தைப் போட்டு வைத்திருக்கும், அது வேறு எழுத்தே, நார்மலைஸால் ஒன்றும் செய்ய முடியாது.

பத்தமடைப் பையன்

11 வந்துவிட்டது அண்ணாச்சி! கோரைப் பாயும் மாறிவிட்டது. பட்டியலில் மொத்தம் நாற்பத்து மூணு சரக்கு, அதில் ஒன்பதில் இந்தக் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தன. ஔகாரம் எங்கள் சரக்கில் ஒன்றுகூட இல்லை, தப்பித்தேன்.

ஜங்ஷன் அண்ணே, நீங்கள் சொன்ன ஃபான்ட்டையும் வீணாக்கவில்லை, பில் பிரிண்டரில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன், நாளைக்குக் கரண்ட் இருந்தால்.

ஜங்ஷன்காரன்

போடுங்க போடுங்க. பிரிண்டர் மாடலையும் மறக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் அக்கா திட்டுவார்கள்.